அரித்தல்: படிகவியல் நோக்கில் ஒரு சொல்லாய்வு

அரித்தல் என்னும் வினைக்கு வழக்கில் இருவேறு பொருள்கள் உண்டு. கறையான் மரத்தை அரிக்கின்றது, இஃது அழித்தல். அடுக்களையில் அரிசியை நீரிலிட்டு அரிக்கின்றனர்; இது கல்லைப் பிரித்துக் காணல். வேதிக்கரைசல் படிகத்தை அரிக்கின்றது என்னுமிடத்து நம் மனத்தில் முதற்பொருளே முந்தி நிற்கின்றது. ஈண்டுப் பொருந்துவது இரண்டாவதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அணுக்கள் முழுப்பொருளிலும் ஒரே ஒழுங்கில் இடையறாது அடுக்கப்பெற்றதே ஒற்றைப்படிகம். கண்ணாடிக்கு இவ்வொழுங்கு இல்லை. ஆதலின் அஃது எத்திசையிலும் ஒருபடித்தாகக் கரையும். படிகமோ திசைக்கேற்ப வேறுபட்ட விரைவில் கரையும். 1816-ஆம் ஆண்டு ஆங்கில வேதியியலறிஞர் டேனியல், வடிவொழுங்கு இல்லாத படிகாரக் கட்டியொன்றை நீரில் அசையாது வைத்துக் கரையவிட்டார். சில வாரங்களில் அதன் பரப்பில் எண்முகப் படிக வடிவங்கள் புடைத்துத் தோன்றின. முடிதிருத்தகங்களில் நாம் காணும் அதே படிகாரந்தான்!

அரிப்பு ஒழுங்கை மட்டுமன்றிக் குறையையும் காட்டும். உலோகம் எளிதில் வளைவதற்குக் காரணம் தேடிய டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும், படிகத்துள் அணு அடுக்குகள் இடம் பிறழ்ந்த கோடுகள் இருத்தல் வேண்டும் என 1934-இல் தனித்தனியே கூறினர். இவ்விடப்பிறழ்வைச் சூழ்ந்த அணுக்கள் இயல்பான இடத்தினின்று விலகி நிற்பதால் மிகை ஆற்றல் உடையன. கரைப்பான் பட்டதும் அவையே எளிதில் விடுபடுகின்றன. பிறழ்வுக்கோடு பரப்பைத் தொடும் இடத்தில் நுண்ணிய குழி விழும். அதனை அரிகுழி எனலாம். 1953-இல் பெல் ஆய்வகத்தார் ஜெர்மானியப் படிகத்தில் வரிசையாய் அமைந்த குழிகளின் இடைவெளியை அளந்தனர். படிகத்தின் இரு பகுதிகளுக்கு இடையிலான சிறு சாய்வை எக்ஸ் கதிரால் அளந்து, அதிலிருந்து கணித்த பிறழ்வுகளின் இடைவெளியோடு அஃது ஒத்திருந்தது. குழிக்கொரு பிறழ்வு என்பது உறுதிப்பட்டது.

லித்தியம் ஃபுளோரைடில் கில்மனும் ஜான்ஸ்டனும் செய்த ஆய்வு இன்னும் நயமுடையது. படிகத்தை ஒருமுறை அரித்து, விசைக்கு உட்படுத்தி, மீண்டும் அரித்தனர். பிறழ்வு விட்டகன்ற இடத்துப் பழங்குழி அடி தட்டையாகி அகன்றது. அது சென்று நின்ற புதிய இடத்தில் கூர்முனைக் குழி தோன்றியது. இத்தகைய தெளிவுக்குத் தூயநீர் போதாது. இரும்பு அயனி சிறிதளவு கலந்திருத்தல் வேண்டும். அவ்வயனி குழி பக்கவாட்டில் பரவுதலைத் தடுக்கும். சரிவு செங்குத்தாகிக் குழி தெளியும்.

'கரைசல் படிகத்தை அரித்து அழித்தது' என ஒரு மாணவர் எழுதுவாராயின் இவ்வளவும் மறைந்துபோம். துருப்பிடித்தல் போன்றவற்றுக்கு அரிமானம் என்னும் சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அஃது அவ்வாறே இருக்கட்டும். படிகவியலுக்குத் தேர்ந்தரித்தல் எனத் தனிச்சொல் வேண்டும். பொறித்தல் என்பாரும் உளர். பொறிப்பில் வடிவம் பொறிப்பவன் கருத்து. அரிகுழியோ படிகம் தன்னகத்தே கொண்டிருந்தது. சிலிக்கன் தகட்டின் மீது மறைப்புப் பூசி, வேண்டிய இடத்தில் பள்ளம் தோண்டும் தொழிலுக்குப் பொறித்தல் ஒருவாறு பொருந்தலாம். ஆங்கும், கனசதுர முகத்திற்கு இணையாக அறுத்த தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோண்டும் பள்ளத்தின் சுவர்கள் 54.7 பாகைச் சாய்விலேயே நிற்கின்றன. அக்கோணத்தை வகுப்பது தொழிலாளியல்லன், படிகமே.