புகையா, வெயிலா: எதற்கு முதலிடம்?

கேள்வி: காட்டுத்தீப் புகையும் கடும் வெயிலும் சேர்ந்து வந்தால் ஜன்னலை மூடுவதா, திறப்பதா?

பதில்: புகையில் முதன்மையான ஆபத்து 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் அது நுரையீரலின் ஆழம்வரை இறங்கிவிடும். ஆனாலும் பெரும்பாலானோருக்கு வெப்பமே விரைவில் உயிரைப் பறிக்கும். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து லிட்டனில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. மறுநாளே அவ்வூரின் பெரும்பகுதி தீக்கிரையானது. அந்த வெப்ப அலை மாகாணத்தில் 619 உயிர்களைக் கொண்டுபோனது. மிகப் பெரும்பாலோருக்கு வீட்டுக்குள்தான் வினை நேர்ந்தது. பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். ஆகவே வீடு அனலாகக் கொதிக்கும்போது ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடப்பது தவறு. ஏசி உள்ள நூலகத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடுவதே நல்லது. வீட்டிலேயே ஏசி இருந்தால் ஜன்னலை மூடி, வெளிக்காற்று நுழையும் வழியையும் அடைத்து, உள்காற்றையே சுழலவிட வேண்டும்.

வெளியே போக நேர்ந்தால் முகத்தோடு இடைவெளியின்றிப் படியும் என்95 முகக்கவசம் தேவை. ஈரக் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. கடும் வெப்பத்தில் இருந்தவருக்குப் பேச்சு குழறி நினைவு தடுமாறினால் வெப்பத்தாக்கு என்றே கொண்டு ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து விசிற வேண்டும்.