அரபு நாட்டுப் பங்குகளும் குறியீட்டெண்ணும்

"அரபு நாட்டுக் கம்பெனிப் பங்குதானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று நம்மவரிற் சிலர் கருதுகின்றனர். ஹஜ்ஜுக்கென ஒதுக்கிய பணத்தைக்கூட இதில் போடலாமா என்று விசாரிப்பவரும் உண்டு. ஆகவே அச்சந்தைகளை அளக்கும் குறியீட்டெண்ணைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

ஒரு சந்தையில் மூன்று கம்பெனிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதன் மொத்தப் பங்கு மதிப்பு 80 லட்சம் வெள்ளி. இரண்டாவது 15 லட்சம். மூன்றாவது 5 லட்சம். ஆகமொத்தம் 100 லட்சம். அன்றைய குறியீட்டெண்ணை 100 என்போம். பெரிய கம்பெனியின் விலை நூற்றுக்குப் பத்து ஏறி, மற்ற இரண்டும் நூற்றுக்குப் பத்து இறங்கினால் மொத்தம் 106 லட்சமாகும். குறியீடும் 106 ஆகும். மூன்றில் இரண்டு நஷ்டப்பட்டும் சந்தை ஏறியதாகவே தோன்றும்! எனவே குறியீட்டுக்குள் எவை எவை, எந்த அளவில் இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மற்றொரு விஷயம். சவூதியின் அராம்கோ 2019 டிசம்பரில் சந்தைக்கு வந்தபோது அரசாங்கம் விற்றது நூற்றுக்கு 1.5 பங்கே. விற்பனைக்கு வராத பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஒரு கம்பெனியே குறியீட்டை ஆட்டிவைக்கும். ஆதலின் கைமாறக்கூடிய பங்கை மட்டும் கணக்கிலெடுப்பதே இக்காலத்து வழக்கம்.

எம்.எஸ்.சி.ஐ. ஸ்தாபனம் தனது வளரும் நாடுகளின் குறியீட்டில் கத்தாரையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் 2014-லும், சவூதியை 2019-லும், குவைத்தை 2020-லும் சேர்த்தது. அக்குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகள் அந்நாட்டுப் பங்குகளையும் வாங்க வேண்டியதாயிற்று. அந்நிய முதல் வருவதற்கு இதுவும் ஒரு வழி.

குறியீடு ஏறுவதைக் கண்டு மயங்கலாகாது. 2006 பிப்ரவரியில் சவூதிக் குறியீடு 20,000-க்கு மேல் நின்றது. அவ்வாண்டு முடிவில் 8,000-க்கும் கீழே வந்துவிட்டது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர் கதி என்னவாகியிருக்கும்? பங்கு போனாலும் கடன் போகாதல்லவா?

இனி, நமக்கு முக்கியமான கேள்வி: அரபு நாட்டுப் பங்கெல்லாம் ஹலாலா? இல்லை. வட்டித் தொழில் செய்யும் வங்கிகளும் அச்சந்தைகளில் உள்ளன. அவை பொதுக் குறியீட்டிலும் இடம்பெறுகின்றன. பஹ்ரைனிலுள்ள இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கு, தணிக்கை ஸ்தாபனம், கம்பெனியின் தொழில் ஆகுமானதாயிருப்பதோடு, அதன் வட்டிக் கடன் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டலாகாது என்று வரம்பிட்டிருக்கிறது. இத்தகைய சல்லடையில் சலித்தெடுத்த குறியீடுகள் தனியே உண்டு. அவற்றையே நாம் தேட வேண்டும்.

சுருங்கச் சொன்னால், ஹஜ்ஜுப் பணத்தையும் பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் இதில் போடலாகாது. கடன் வாங்கிப் பங்கு வாங்கலாகாது. ஐயம் வந்தால் ஆலிம்களிடம் கேட்போம். வாங்கிய பங்குக்கும் ஜகாத் கணக்குப் பார்ப்போம். நாட்டின் பெயர் ஒரு பொருளை ஹலாலாக்காது. விசாரித்து அறிவது நம் கடமை. அல்லாஹ் நம் தேட்டத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.