இல்ல அலங்காரமும் இல்லறத்தார் விரதமும்

நம் சமூகத்தார் பலர் சொந்த ஊரை விட்டு நகரங்களில் குடியேறிப் புதுமனை கட்டி வாழ்கின்றனர். அம்மனைகளின் கூடத்தில் கண்ணாடி அலமாரியும், அதில் வரிசையாகப் பதுமைகளும் காணப்படுகின்றன. தோட்டத்தில் சிமெண்டில் வார்த்த கொக்கும் மானும் நிற்க, நடுவே நீரூற்று ஒன்று அமைகின்றது. சில இல்லங்களில் இப்பதுமைகளுக்கு இடையே தீர்த்தங்கரர் திருவுருவமும் வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய அலங்காரம் இல்லறத்தார்க்கு எவ்வளவில் ஏற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அழகு விலக்கத்தக்கதன்று

அழகை வெறுக்கும் சமயம் நம்முடையதன்று. சமவசரணத்தில் தடாகங்களும், பூங்காவனங்களும், கொடிவரிசைகளும், மணிமதில்களும் உண்டு என நூல்கள் விரித்துரைக்கின்றன. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மீனும், பறவையும், யானையும், எருமையும், மலர் கொய்யும் மாந்தரும் அதில் உளர். அதனைச் சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய காதிகா பூமி என்றே அறிஞர் பலர் கொள்வர்.

ஆயினும், அவ்வழகு சென்று சேரும் இடத்தை நாம் நோக்குதல் வேண்டும். அத்தனை அணிகளுக்கும் நடுவே வீற்றிருப்பவர் அணி ஒன்றும் இல்லாத அருகதேவர். வாயிலில் நிற்பதோ மானஸ்தம்பம். மானம் என்பது ஈண்டுச் செருக்கைக் குறிக்கும். வாதம் புரிய வந்த இந்திரபூதி கௌதமர் அதனைக் கண்ட அளவில் செருக்கு நீங்கினார். மகாவீரரின் முதற் கணதரரும் ஆனார். செருக்கை அழிக்கும் அழகு அறத்தின் பாற்பட்டது. வருவோர் நம் செல்வத்தை வியக்க வேண்டும் என்று வாயிலில் நிறுத்தும் சிலையோ செருக்கை வளர்க்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மூன்று செய்திகளைக் கருதுவோம்.

1. திருவுருவம் அலங்காரப் பொருளன்று

ஜினரின் குணங்களை ஓர் உருவில் நிறுவி, அவ்வுருவை அவராகவே கருதுதல் ஸ்தாபனா நிக்ஷேபம் எனப்படும். ஆகவே கல்லாயினும், செம்பாயினும், அச்சிட்ட படமாயினும், திருவுருவத்திற்கு உரிய இடம் வழிபாட்டு இடமே. பிரதிஷ்டை செய்யப்பெற்ற பிம்பத்திற்கு நாள்தோறும் பூசை தவறாது நடைபெறல் வேண்டும். அதற்கு இயலாதோர் அதனை ஜினாலயத்தில் சேர்ப்பதே முறை. காலணி கழற்றும் இடம், உணவு மேசையின் அருகு, தோட்டத்துப் புல்தரை ஆகியன திருவுருவம் வைத்தற்கு உரியன அல்ல. திருமணப் பரிசாகத் திருவுருவம் அளிப்போரும், பெறுவோர் அதனை எங்கு வைப்பர் என எண்ணிய பின்னரே அளித்தல் நலம்.

தொன்மையான சிற்பங்களைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். உழும்போதோ, கடைகால் தோண்டும்போதோ பழைய திருவுருவம் கிடைத்தால் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. நூறாண்டிற்கு மேற்பட்ட சிற்பங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம். தக்க சான்றின்றி விற்கப்படும் பழஞ்சிலை ஏதோ ஓர் ஆலயத்தில் களவு போனதாக இருத்தல் கூடும். அதனை வாங்குவோர்க்குத் திருடிய பொருளைக் கொள்ளுதல் என்னும் குற்றம் நேர்ந்து, கள்ளாமை என்னும் அணுவிரதம் குலையும்.

2. உயிர்க்கேடு தருவன

யானைத் தந்தம், மான்கொம்பு, பதனிட்ட விலங்குத் தோல் ஆகியவற்றை நாம் கொல்லவில்லையே எனக் கூறி ஏற்பது பொருந்தாது. வாங்குவோர் உள்ளமையாலன்றோ கொல்வோர் உளராகின்றனர்?

பயனின்றி மண்ணைத் தோண்டுதலும், நீரை இறைத்தலும், தழைகளை வெட்டுதலும் அனர்த்ததண்டம் ஆகும். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்கியுள்ளார். நம் அருங்கலச்செப்பும் அந்நூலின் வழி நின்று இதனைக் கூறும். தேங்கிய நீரூற்றில் கொசு பெருகும். பெருகிய கொசுவைக் கொல்ல மருந்து தெளிப்பர். இரவு முழுதும் எரியும் தோட்ட விளக்கில் விட்டில்கள் வீழ்ந்து மடியும். பூச்சிகளின் பொருட்டு இரவுணவை நீக்கிய நாம், அழகின் பொருட்டு அவற்றை விளக்கில் வீழச் செய்தல் தகுமோ? நீரூற்றுக்கு மாற்றாக நிழல்தரும் மரம் ஒன்று நடலாம். உறங்கும் முன் வெளிவிளக்கை அணைக்கலாம்.

3. பொருளுக்கு எல்லை

பற்றே பரிக்கிரகம் என்பது உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அருளிய கொள்கை. ஒரு பதுமை உடைந்தபோது குழந்தையின் மேல் சினம் எழுமாயின், நாம் அப்பொருளை உடைமையாகக் கொண்டது போய், அது நம்மை உடைமையாகக் கொண்டது என அறிக. துறவியர் அனைத்தையும் துறப்பர். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது பொருளின் அளவை வரையறுத்துக் கொள்ளும் பரிமாணமே. பொன்னுக்கும் நிலத்திற்கும் எல்லை வகுப்போர் வீட்டுப் பொருள்களை மறந்து விடுகின்றனர். அவையும் அவ்விரதத்திற்கு உட்பட்டனவே.

தசலக்ஷண பருவத்தின் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. அன்று குடும்பத்தார் ஒன்றுகூடி இல்லத்து அலங்காரப் பொருள்களை எண்ணுக. ஒவ்வொன்றையும் குறித்து மூன்று வினாக்கள் வினவுக:

இஃது எவ்வுயிர்க்கேனும் கேடு செய்ததா?
இது நம் செருக்கை வளர்க்கின்றதா?
இஃது இல்லையாயின் நம் மனம் கலங்குமா?

மூன்றற்கும் இல்லை என விடை வருவன இருக்கட்டும். எஞ்சியவற்றிற்கு இனிச் செலவிடும் பொருள் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கும், நாம் விட்டு வந்த ஊரின் ஜினாலயத் திருப்பணிக்கும் செல்வதாகுக. அணியில்லா அருகனை வணங்கும் நம் இல்லத்திற்கு அதுவே தகுந்த அணி.