விருந்தாளியின் காரை இழுத்துச் செல்ல அசோசியேஷனுக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: பேத்தியின் காதுகுத்துக்காகத் தாடிக்கொம்பிலிருந்து காரில் சென்னைக்குப் போயிருந்தோம். மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வண்டி எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு, ‘விசிட்டர்’ என்று எழுதிய இடத்தைக் காட்டினார். அங்கேதான் நிறுத்தினேன். காலையில் கார் இல்லை. அந்த இடத்தை பில்டரிடம் காசு கொடுத்து வாங்கியிருப்பதாக ஒருவர் சண்டை போட்டாராம். செயலாளர் இரவிலேயே கிரேன் வரவழைத்து, காரைப் பின்பக்கக் காலிமனைக்கு இழுத்துப்போய் வீல் லாக் போட்டுவிட்டார். ஜிபேயில் 3,500 ரூபாய் அனுப்பிய பிறகுதான் திறந்தார்கள். ரசீது இல்லை. முன் பம்பரும் உடைந்திருக்கிறது. எங்கள் ஊரில் தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவரைக் கும்பிட வருகிறவர்கள் வாசலை அடைத்து வண்டியை நிறுத்துவார்கள். ஒரு குரல் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு போன்கூடச் செய்யவில்லை. மருமகனோ, “விடுங்க மாமா, நாங்க தினமும் அவங்க முகத்துல முழிக்கணும்” என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?
— வாசகர், தாடிக்கொம்பு

பதில்: உண்டு. நீங்கள் சொல்வதுதான் நடந்ததென்றால் நியாயமும் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கின்றன.

ஒரு வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு என்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு சொல்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நின்றாலோ, நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நின்றாலோ, போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றாலோ வண்டியை அப்புறப்படுத்தலாம். அதற்கு உத்தரவிட வேண்டியவர் அந்த எல்லைக்குரிய, சீருடை அணிந்த காவல் அதிகாரி. இழுத்த செலவை உரிமையாளர் தலையில் கட்டுவதும் இதே பிரிவுதான். செயலாளருக்கோ கிரேன்காரருக்கோ உத்தரவிடும் அதிகாரத்தை இந்தப் பிரிவு தரவில்லை. பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம்தான் இந்தச் சட்டத்தில் பொது இடம். கேட் போட்டு, பெயர் எழுதி உள்ளே விடும் வளாகம் சாதாரணமாக அதில் வராது.

தமிழ்நாட்டில் பல அசோசியேஷன்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அவற்றின் துணைவிதிகள் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும்; விருந்தாளியைக் கட்டுப்படுத்தாது. விதியில் அபராதம் இருந்தால், வீட்டுக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து அவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் காரைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது.

தீயணைப்பு வண்டி வரும் வழியை அடைத்திருந்தாலோ, அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவரின் காரை மறித்திருந்தாலோ பேச்சு வேறு. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு வண்டியை நகர்த்தியவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்காது. ஆனால் நகர்த்திய பிறகு பூட்டுப் போட்டுக் காசு கேட்பதற்கு அந்தப் பாதுகாப்பு நீளாது.

‘வாங்கிய இடம்’ என்ற வாதத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். திறந்தவெளி வாகன நிறுத்தத்தையும் தூண்தளத்து நிறுத்தத்தையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று, மகாராஷ்டிரச் சட்டத்தின் அடிப்படையில் எழுந்த நகல்சந்த் லாலூசந்த் வழக்கில் 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில்தான் சேர்க்கிறது. இடத்தை வாங்கியதாகச் சொல்பவரின் பத்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் என்ன இருக்கிறது என்று மருமகன் பார்க்கட்டும். அந்த இடம் உண்மையில் அவருக்கே உரியது என்றாலும், உங்களை அங்கே நிறுத்தச் சொன்னது அசோசியேஷன் வைத்த ஆள்தான்.

இனி பணம். கட்டாயத்தின் பேரில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. அந்தப் பிரிவுக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: சட்டவிரோதக் கட்டணம் செலுத்தினால்தான் சரக்கைத் தருவேன் என்கிறது ரயில்வே, சரக்கு வேண்டுமே என்று கட்டியவர், அதிகமாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். உங்கள் நிலைமையும் அதுதான். இதைப் போலச் சிக்கியவர்கள் முடிந்தால், கட்டும்போதே ‘எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது’ என்று ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவிடுங்கள். உங்களுக்கு ஜிபே பதிவே சாட்சி.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரிஜிஸ்டரில் உங்கள் வண்டி எண் உள்ள பக்கம், விசிட்டர் பலகை, உடைந்த பம்பர் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பருக்கு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதற்கு முன் இன்சூரன்ஸ் கிளெய்ம் போட வேண்டாம். சின்னச் செலவுக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

பிறகு 3,500 ரூபாயையும் பம்பர் செலவையும் 15 நாளில் தரும்படி, அசோசியேஷன் பெயருக்கு டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சம்பவம் நடந்த பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ‘இது சிவில்’ என்று அவர்கள் சொன்னாலும் அந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு. அடுத்தது சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே மனு வாங்கி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்தத் தொகைக்கு அதுவே ஏற்ற இடம். அதுவும் முடியாவிட்டால் சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நிற்கும் காரைச் சட்ட அதிகாரமில்லாமல் பூட்டுவதும் இழுப்பதும் 2012 அக்டோபர் முதல் குற்றம். பூட்டிவிட்டுக் காசு பிடுங்கும் கூட்டத்தால் மக்கள் பட்ட பாடுதான் அங்கே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மருமகனின் தயக்கம் நியாயமானது, அக்கம்பக்கம் முக்கியம்தான். அதனால் கடிதம் உங்கள் பெயரில் போகட்டும். அடுத்த பொதுக்குழுவில் அவர் யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஒரு விதியை மட்டும் முன்மொழியட்டும்: விருந்தாளியின் வண்டி தவறாக நின்றால் முதலில் ரிஜிஸ்டரைப் பார்த்து அந்த வீட்டுக்குப் போன், பிறகு எழுத்தில் எச்சரிக்கை, எந்த நிலையிலும் வீல் லாக் கிடையாது. இன்று உங்களுக்கு நேர்ந்தது, நாளை எந்த வீட்டுச் சம்பந்திக்கும் நேரலாம் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் புரியும்.