உக்கிராணக்காரன் என்றால் யார்?

இந்த மாதச் சுவர் இதழில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல் உக்கிராணம்.

கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் வைத்துப் பூட்டுகிற அறைக்குத்தான் உக்கிராணம் என்று பேர். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். சமையல்காரர் கேட்கக் கேட்க அவர் அளந்து கொடுப்பார். அதில் ஒரு படி அரிசிகூட அவருடையது இல்லை. ஆனா அவர் கொடுக்காம அடுப்பு எரியாது.

பழைய தமிழ் பைபிளில் இந்தச் சொல் லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஒரு பணக்காரனின் உக்கிராணக்காரன் சொத்தை அழிக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எஜமான், கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போ என்கிறான். இவனுக்கு மண்வெட்டப் பலம் இல்லை, பிச்சை எடுக்க வெட்கம். உடனே கடன்காரர்களைக் கூப்பிட்டு 100 குடம் எண்ணெயை 50 என்றும், 100 கலம் கோதுமையை 80 என்றும் சீட்டை மாற்றி எழுத வைக்கிறான். எஜமான் அவனை மெச்சிக்கொள்கிறான்!

ஓய்வுநாள் பள்ளியில் இதைப் படித்ததும் என் பக்கத்தில் இருந்தவள், "அப்ப ஏமாத்தினா நல்லவனா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கதையிலேயே அவனுக்கு அநீதியுள்ளவன் என்றுதான் பெயர். வேலை போகப்போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் ஓடி ஓடி யோசித்தானே, மெச்சியது அதை மட்டும்தான். தனக்கு வரவேண்டிய தரகைத்தான் அவன் தள்ளுபடி செய்தான் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். கதையில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் எனக்கு அது ஒப்பவில்லை.

புதிய ஏற்பாடு முதலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் உக்கிராணக்காரனுக்கு ஓய்கொனொமோஸ் என்று பெயர், அவன் வேலைக்கு ஓய்கொனொமியா. ஓய்கோஸ் என்றால் வீடு. வீட்டைப் பங்கிட்டு நடத்துவது என்று பொருள். நாம் சமூக அறிவியலில் படிக்கிற பொருளியலுக்கு ஆங்கிலத்தில் எகனாமிக்ஸ் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் அடிமைகள். ஆதியாகமம் 39-இல் யோசேப்பும் அடிமைதான், ஆனால் போத்திபாரின் வீடு முழுக்க அவன் கையில் இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எபேசியர் நிருபத்தில் கடவுள் செய்கிற காரியத்துக்கும் இதே ஓய்கொனொமியா என்ற சொல் வருகிறது. நம் பழைய தமிழ் பைபிளில் அங்கே நியமம் என்று போட்டிருக்கிறார்கள். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் டிஸ்பென்சேஷன். தமிழில் படிக்கிறவர்களுக்கு உக்கிராணமும் நியமமும் ஒரே சொல் என்று எப்படித் தெரியும்? டிஸ்பென்சேஷன் என்பது அளந்து கொடுப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருந்து அளந்து கொடுக்கிற டிஸ்பென்சரியும் அதன் தங்கச்சிதான். 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு பைபிளில் உலக வரலாற்றை ஏழு டிஸ்பென்சேஷன்களாகப் பிரித்திருந்தார்கள். அதனால் பலர் இதை 'காலம்' என்றே நினைக்கிறார்கள். எல்லாச் சபைகளும் அந்தப் பிரிவை ஏற்பதில்லை. என் கருத்து, சொல்லின் வேர் காலத்தில் இல்லை, நேரம் பார்த்து அளந்து கொடுக்கிற கையில் இருக்கிறது.

லூக்கா 12-ஆம் அதிகாரம் இதற்குப் பொருந்துகிறது. அங்கே தமிழில் விசாரணைக்காரன், கிரேக்கத்தில் அதே சொல்தான். வேலைக்காரர்களுக்கு உரிய நேரத்தில் படி கொடுப்பது அவன் வேலை. கெட்டவன் என்ன செய்கிறான்? எஜமான் வர நேரமாகும் என்று அவர்களை அடித்துவிட்டுத் தான் தின்று குடிக்கிறான். எஜமானுக்கு நஷ்டம் அப்புறம். முதலில் பட்டினி கிடப்பது வேலைக்காரர்கள்தானே.

எங்கப்பா ஒருத்தர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கிறாங்க. போன வருஷம் காய் குறையுதுன்னு யாரோ தோப்புக்காரரிடம் சொல்லிட்டாங்க. அப்பா நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. வெட்டினது, விழுந்தது, அணில் கடித்தது எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

1 கொரிந்தியர் 4-இல் பவுல், உக்கிராணக்காரனுக்கு உண்மை ஒன்றுதான் வேண்டும் என்கிறார். மனிதர்கள் தன்னை நியாயம் விசாரிப்பது தனக்கு ரொம்பச் சின்ன காரியம் என்றும் எழுதுகிறார். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவருக்குச் சின்ன காரியம். நமக்குச் சம்பளம் அதுலதானம்மா இருக்கு" என்றாங்க.

பவுல் கூடாரம் செய்து தன் கையால் சம்பாதித்தவர். 9-ஆம் அதிகாரத்தில், தன்னிடம் ஒப்படைத்த உக்கிராண வேலைக்குக் கூலியே வாங்கவில்லை என்கிறார். இலவசமாகக் கொடுப்பதுதான் அவருக்குக் கூலியாம். இதையும் அப்பாவிடம் வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கூடாரத்துக்கு யார் காசு கொடுத்தா, அது எழுதியிருக்கா?" என்று கேட்டாங்க.

9-ஆம் வகுப்பு மாணவி