ஒரே எஸ்ஐபி, ரெண்டு கால்குலேட்டர், 4 லட்சம் வித்தியாசம்!



மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி, 20 வருஷம், 12% வருமானம். இதை ஒரு வெப்சைட் கால்குலேட்டர்ல போட்டா சுமார் 50 லட்சம் காட்டும். இன்னொரு வெப்சைட்ல சுமார் 46 லட்சம்தான் வரும். ரெண்டுமே கூட்டல், பெருக்கலில் தப்பு பண்ணலை. அப்புறம் எப்படி 4 லட்சம் வித்தியாசம்?

கால்குலேட்டருக்குள்ள என்ன இருக்கு?

அது வெப் பேஜுக்குள்ள உட்கார வச்ச ஒரு குட்டி புரோகிராம். 1990களில் இதுக்கு ஜாவா ஆப்லெட் இருந்தது. அதை வைக்க ஆப்லெட் என்றே ஒரு ஹெச்டிஎம்எல் டேக். பிறகு ஃபிளாஷ் வந்தது. 2020 கடைசியோட அதுக்கும் அடோபி சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. இப்போ பெரும்பாலும் ரெண்டு வழிதான்.

1. ஸ்கிரிப்ட் டேக்: இன்புட் டேக் நீங்க நம்பர் போடும் கட்டத்தை உருவாக்கும். ஸ்கிரிப்ட் டேக்ல இருக்கிற புரோகிராம் அந்த நம்பரை எடுத்து, உங்க போன்லயே கணக்குப் போட்டு விடையைக் காட்டும்.

2. ஐஃப்ரேம் டேக்: ஒரு பக்கத்துக்குள்ள ஜன்னல் மாதிரி வச்சு, இன்னொரு பக்கத்தைக் காட்டும். அந்தப் பக்கம் வேற கம்பெனியோடதாகவும் இருக்கலாம்.

வித்தியாசம் எங்கே வருது?

புரோகிராமில் ஒரே ஒரு வரியில். முதல் கால்குலேட்டர் 12-ஐ 12 மாசத்தால் வகுத்து, மாசம் 1% என்று எடுத்துக்குது. மாசா மாசம் 1% கூட்டு வட்டியில் வளர்ந்தா, வருஷத்துக்கு 12.68% ஆகிடும். ரெண்டாவது, வருஷக் கடைசியில் சரியா 12% வர்ற மாதிரி மாசம் 0.949% எடுக்குது. மியூச்சுவல் ஃபண்டுகளின் பல வருஷ வருமானம் சிஏஜிஆர் முறையில், அதாவது வருஷக் கூட்டு வளர்ச்சியாகத்தான் சொல்லப்படுது. அதனால ஃபண்ட் கணக்குக்கு ரெண்டாவதுதான் பொருத்தம்.

இதனால உங்களுக்கு என்ன?

உங்க இலக்கு 50 லட்சம்னு வைங்க. 12% வருமானம் உத்தரவாதம் இல்லை; ஆனா அதே 12% கிடைச்சாலும் மாசம் 5,000 போதாது. இன்னைக்கே கவனிச்சா மாசம் சுமார் 440 ரூபாய் கூட்டினா போதும். கடைசி 5 வருஷத்துல கவனிச்சா, மாசம் 4,900 ரூபாய்க்கு மேல கூடுதலா போடணும். அதாவது எஸ்ஐபி கிட்டத்தட்ட டபுள்!

ஒரு நிமிஷ டெஸ்ட்

கால்குலேட்டர்ல மாசம் 1,000 ரூபாய், 1 வருஷம், 12% போடுங்க.

- 12,809 வந்தா, மாசம் 1% கணக்கு. இலக்கு போட இதை நம்பாதீங்க.
- 12,766 பக்கம் வந்தா, வருஷம் 12% கணக்கு.
- 12,683 அல்லது 12,646 வந்தா, இதே ரெண்டு கணக்குதான். ஆனா பணம் மாசக் கடைசியில் போடுறதா எடுத்திருக்கு.

போன் நம்பர் கேட்டா?

இந்தக் கணக்குக்குத் தேவை மூணு நம்பர்தான். உங்க போன் நம்பரோ, பான் நம்பரோ ஃபார்முலாவில் எங்கேயும் இல்லை. பக்கம் திறந்ததும் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்க. விடை வந்தா, கணக்கு உங்க போன்லதான் நடக்குது.

லேப்டாப்ல குரோம் பயன்படுத்தினா, கால்குலேட்டர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. 'வியூ ஃபிரேம் சோர்ஸ்' என்று காட்டினா அது ஐஃப்ரேம். மேல அட்ரஸ் பாரில் தெரியும் பெயர் ஒண்ணு, நீங்க டைப் பண்ற விவரம் போய்ச் சேர்ற இடம் வேறயா இருக்கலாம். அங்கே சம்பளம், பான், மொபைல் எதையும் கொடுக்காதீங்க.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க: நீங்க எந்தக் கால்குலேட்டரை வச்சு எஸ்ஐபி தொகையை முடிவு பண்ணீங்களோ, அதுலயே அந்த 1,000 ரூபாய் டெஸ்டைப் போட்டுப் பாருங்க. 12,809 வந்தா, உங்க எஸ்ஐபி தொகையைத் திரும்பக் கணக்குப் போட வேண்டிய நேரம் இதுதான்.