அரசுக் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் கவனிக்க வேண்டியவை

அரசுக் கலைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிராக்டிகல், புராஜெக்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று எல்லாமே கல்லூரி லேபில்தான் நடந்தாக வேண்டும். பல கல்லூரிகளில் அதே மெஷினைக் காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. ஒன்று பழுதானால் அடுத்த டெண்டர், அடுத்த நிதி ஒதுக்கீடு வரை காத்திருக்க வேண்டியதுதான். புதிதாகக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து படிக்க இந்தக் குறிப்புகள்.

1. லேபில் சேரும்போது ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுத்தால், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன நடவடிக்கை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

2. பதிவேட்டில் சிஸ்டம் எண்ணையும், வந்த நேரத்தையும், கிளம்பிய நேரத்தையும் சரியாக எழுதுங்கள். "எல்லாரும் பத்து மணின்னு போட்டிருக்காங்க, நானும் போடுறேன்" என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுந்துபோன பிறகு அந்த சிஸ்டத்தில் யாராவது தப்பு செய்தால், உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான். உட்காரும்போதே மவுஸோ கீபோர்டோ வேலை செய்யவில்லை என்றால் உடனே லேப் அசிஸ்டென்ட்டிடம் சொல்லிவிடுங்கள்.

3. கல்லூரி தரும் பாஸ்வேர்டு பெரும்பாலும் பதிவு எண்ணாகவோ பிறந்த தேதியாகவோ இருக்கும். இரண்டுமே வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முதல் நாளே மாற்றுங்கள். உயிர்த் தோழனாக இருந்தாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

4. லேபில் மெயில் பார்ப்பதென்றால் பிரவுசரின் மறைநிலை ஜன்னலைத் திறந்து பாருங்கள். குரோம், எட்ஜ் இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் என்னுக்குப் பதில் பி. வேலை முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டால் உள்நுழைவு அதோடு போய்விடும். சாதாரண ஜன்னலில் பார்த்தால் அப்படி இல்லை. மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்பினால் மெயில் திறந்தபடியே கிடக்கும். லாக் அவுட் கொடுத்தே ஆக வேண்டும். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று மேலே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டால், அடுத்து உட்காருபவர் உங்கள் பெயரைத் தொட்டதும் உள்ளே போய்விடலாம்.

பஸ் ஏறிய பிறகுதான் லாக் அவுட் செய்யாதது நினைவுக்கு வருகிறதா? போனிலேயே சரிசெய்யலாம். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும். லேப் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பிலும் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் இதே வசதி உண்டு.

நீங்கள் உட்காரும்போது முன்பு இருந்தவருடைய மெயில் திறந்திருந்தால், ஒரு வரிகூடப் படிக்காமல் லாக் அவுட் கொடுத்துவிடுங்கள். ஒரு பெண் பிள்ளையின் போட்டோவோ போன் எண்ணோ அங்கிருந்து நாலு பேர் கைக்குப் போனால் அவள் படிப்பையே நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

5. இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும். நகல்களோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் டெஸ்க்டாப்பிலும் அப்படியே கிடக்கும். கடைசித் தேதி முடிந்த மறுநாள் எந்த லேபிலும் அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஊரார் பாஸ்புக்கெல்லாம் வரிசையாக நிற்கும். கிளம்பும் முன் உங்கள் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டையும் டெலிட்டையும் சேர்த்து அழுத்துங்கள். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரடியாக நீங்கிவிடும். பிரிண்டரில் சரியாக விழாத தாளையும் கிழித்துவிட்டு வாருங்கள்.

6. பென் டிரைவைச் செருகியதும் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். உள்ளே உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் சின்ன அம்புக்குறியோடு, ஒன்றிரண்டு கேபி அளவில் தெரிந்தால் அது ஷார்ட்கட் வைரஸ். டபுள் கிளிக் செய்யாதீர்கள். செய்தால் அந்த மெஷினுக்கும் தொற்றும். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். லேப் அசிஸ்டென்ட்டிடம் கொடுத்தால் மீட்டுத் தருவார். கீழே கிடந்து எடுத்த பென் டிரைவை எந்த மெஷினிலும் செருகாதீர்கள்.

7. கேட்காமல் எந்த சாஃப்ட்வேரையும் ஏற்றாதீர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதை "கிராக்" போட்டு இலவசமாக்கித் தரும் கோப்புகள் பலவற்றில் வைரஸ் ஒளிந்திருக்கும். புராஜெக்டுக்கு லிப்ரே ஆஃபீஸ், பைத்தான் போன்று முறையாகவே இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். என்ன வேண்டும் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தால் முறைப்படி ஏற்றித் தருவார்கள். அப்டேட் ஓடும்போது பொறுமையிழந்து மெஷினை அணைக்கவும் கூடாது. 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகள் உட்பட எத்தனையோ இடங்களை முடக்கிய வான்னாக்ரை வைரஸுக்கு, அந்த மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் தீர்வு வெளியிட்டிருந்தது. அந்த அப்டேட்டைப் போடாத மெஷின்கள்தான் மாட்டின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லேபில் அதுதான் ஓடுகிறது என்றால் அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

8. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பத்து வரி அடித்தால் ஒருமுறை கன்ட்ரோல், எஸ் அழுத்துங்கள். யூபிஎஸ் இணைப்பில் போன் சார்ஜரைச் செருகாதீர்கள். புராஜெக்டை லேப் மெஷினில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து; எந்த நாளும் ஃபார்மேட் செய்துவிடுவார்கள். கூகுள் கணக்கோடு 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிரதி அதில் இருக்கட்டும்.

9. கல்லூரி வைஃபையில் படம் டவுன்லோட் செய்யாதீர்கள். அதே இணைப்பில் பக்கத்து அறையில் ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டிருக்கலாம். தடுத்து வைத்திருக்கும் தளங்களுக்குப் போவதற்காக யாரோ சொன்ன இலவச விபிஎன் ஆப்பையும் போட வேண்டாம். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவர் கை வழியாகப் போகும்.

10. கல்லூரி நூலகம் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் உங்கள் பெயரிலான ஐடியில் வீட்டிலிருந்தே படிக்கலாம். இவ்வளவு பெரிய வசதி இருப்பது தெரியாமலே மூன்று வருடத்தை முடித்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: வேண்டிய கட்டுரையை மட்டும் எடுங்கள். இதழ் இதழாக மொத்தமாக டவுன்லோட் செய்வது விதிமீறல். ஒருவர் செய்வதால் கல்லூரிக்கே கதவு மூடப்படலாம்.

11. புராஜெக்டுக்காகப் பிறர் எழுத்திலிருந்து எடுத்ததை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தித் தர வேண்டும். 60 சதவீதத்துக்கு மேல் போனால் பதிவே ரத்து.

12. "சும்மா முயற்சி பண்ணிப் பார்த்தேன் சார்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. 1988 நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்ஐடியிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாக ஒரு புரோகிராமை இணையத்தில் விட்டார். தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு பரவிய அது, அன்றிருந்த இணையத்தில் ஆயிரக்கணக்கான மெஷின்களைத் திணறடித்தது. அழிப்பது நோக்கமில்லை என்று சொன்னபோதும் நீதிமன்றம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. நம் நாட்டில் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை. லேபில் ஒரு ஓட்டை உங்கள் கண்ணில் பட்டால் அதற்குள் நுழையாமல் ஆசிரியரிடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். அந்தத் திறமைக்கு நல்ல சம்பளம் தரும் வேலையே இருக்கிறது.

13. உங்கள் கணக்கை யாராவது பிடித்துக்கொண்டாலோ, பணம் போனாலோ, போட்டோவைக் காட்டி மிரட்டினாலோ பயந்து ஒளிக்காதீர்கள். பணமோசடி என்றால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாமல் கேளுங்கள்.

14. லேப் மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. அதைக் கேட்டுப் பயன்படுத்துவதும் உங்கள் உரிமை. வகுப்பு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும், பழுதான மெஷின்களைச் சரிசெய்ய வேண்டும் என்றால் வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு முதல்வருக்கு மனு கொடுங்கள். எந்த சிஸ்டம், என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, ஒரு நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.